வாந்தி நின்றது, நாய் குலைக்கவில்லை

வாந்தி எடுத்துக்கொண்டே வருகிற நாயைப் பார்த்து நான் அதிகம் பயந்ததில்லை. வாந்தி நின்றுபோய், வாலும் ஆட்டாமல், சமர்த்தாக மேசைமேல் படுத்துக்கொள்கிற நாயைப் பார்த்தால்தான் இன்றும் எனக்குப் பயம். நீங்கள் எல்லோரும் இப்போதுதான் இந்தக் கால்நடை மருத்துவ வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஒரே ஊசியில் வாந்தியை நிறுத்திவிடலாம். நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது, அதனால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஆனால் வாந்தியை நிறுத்துவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. புகார் கொடுக்க வந்தவரின் வாயைப் பொத்திவிட்டு ஊரில் குறையே இல்லை என்று சொல்லும் அதிகாரி மாதிரி நாம் ஆகிவிடக் கூடாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரசு கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் பார்த்தே பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. விழுப்புரத்தில் நாய், பூனைகளுக்கென்று ஒரு கிளினிக் திறந்தேன். வீடு திண்டிவனத்தில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அந்தக் கிளினிக்கையும் இப்போது டாக்டர் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டேன். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் சொல்லப்போகும் சம்பவத்தின்போது அவர் படிப்பை முடித்து என்னிடம் சேர்ந்த புதிது. எனக்கு முன்கோபம் உண்டு, வாயும் ஓயாது என்று அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். இரண்டும் உண்மைதான்.

முதலில் கேள்வி கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டக்குப்பத்திலிருந்து பூனைகள் நிறைய வரும். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், பூனை இங்கே இருக்கும், நான் ஊசி போடுவதை அவர் அங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு பூனை, எதைத் தின்றாலும் வாந்தி. வீட்டில் தையல் மெஷின் உண்டா, ஊசி நூல் கிடக்குமா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள். பகல் முழுக்க வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று கேட்டேன். பூ கட்டுவோம் என்றார்கள். பூனையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பூ கட்டுகிற நூல் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் தையலைப் பற்றிக் கேட்டேன், அவர்கள் தையலுக்குப் பதில் சொன்னார்கள். (அந்த நூலைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். மறுமுனை குடலுக்குள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இழுத்தால் குடலை அறுத்துவிடும்.) அதனால் என்ன தின்றது என்று கேட்காதீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

டைகர் கோலியனூர் பக்கத்து நாய். சாதாரண நாட்டு நாய், செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதை வளர்த்தவள் செல்வி. வீட்டை ஒட்டியே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். ஒரே பெண் அபி, ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் எப்போதாவது வந்துவிடும்.

இங்கேதான் டைகர் வருகிறது. அதற்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அபிக்கு வலிப்பு வந்தால் அது வாசலில் நின்று, வழக்கமான குலைப்பாக இல்லாமல், இழுத்து இழுத்துக் கத்தும். செல்வி கழனியில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வந்து, பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை பக்கத்தில் இருப்பாள். நாய்க்கு முன்கூட்டியே தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் செல்வியால் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடிந்தது. அதுமட்டும் எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் அவர்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் கூழ் என்றால் கேப்பைக் கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. குழம்பில் மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போடுவார்கள். குழம்பில் ஊறின மாங்கொட்டையைச் சப்பிச் சாப்பிடுவதற்கென்றே பந்தியில் உட்காருகிறவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி. சப்பின கொட்டையை எங்கே போடுவார்கள்? தெருவில்தான். கருவாட்டு வாசம் ஏறின கொட்டையை எந்த நாய் விடும்? மறுநாளே டைகர் வாந்தி எடுக்க ஆரம்பித்தது.

செல்வி முதலில் எங்களிடம் வரவில்லை. வளவனூரில் தொக்கம் எடுக்கிற ஒருவரிடம் போனாள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, வயிறு உப்பிக் கிடந்தால் உள்ளே எதுவோ சிக்கியிருக்கிறது, தொக்கம் விழுந்துவிட்டது என்பார்கள். அதை எடுத்துவிட ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தடவி வயிற்றை நீவுவார்கள், சிலர் குழல் வைத்து உறிஞ்சுவார்கள், கடைசியில் எதையாவது கையில் எடுத்துக் காட்டி இதுதான் இருந்தது என்பார்கள். அபியின் குழந்தைப் பருவத்தில் அவளுக்குத் தொக்கம் எடுத்தவரும் அவர்தான். நாய்க்கு எடுத்துப் பழக்கமில்லை என்று முதலில் தயங்கினாராம். செல்வி அழுததும் விளக்கெண்ணெய் தடவி நீவி, பின்னங்காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். டைகர் ஒரு பாதி மாங்கொட்டையைக் கக்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், கொட்டை உண்மையிலேயே வந்தது. உப்பின வயிற்றை அப்படி நீவுவது ஆபத்து, உள்ளே புண்பட்ட குடல் கிழிந்துபோகலாம், அதை வருகிறவர்களுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் சிக்கல் அவர் நீவியதில் இல்லை. கொட்டை வந்ததும் எல்லோரும் நிம்மதி ஆனதில்தான் இருந்தது. செல்வி அந்தக் கொட்டையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். அன்று நான் விடுப்பு. பிரபு பார்த்தார். உள்ளே இருந்தது வந்துவிட்டது, உடம்பு தேறுவதற்கு மட்டும் ஏதாவது செய்யுங்கள் என்று அவள் சொல்ல, காகிதத்தில் சாட்சியும் இருக்க, அவர் குளுக்கோஸ் ஏற்றி வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வாந்தியும் நின்றது.

பிறகு அவள் திரும்பி வந்தபோது நான் இருந்தேன். அபியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண்ணின் நெற்றியில் முட்டையளவு வீக்கம், அதன்மேல் ஒரு பிளாஸ்திரி. டைகர் மேசையில் ஏற்றியதும் படுத்துக்கொண்டது.

“வாந்தி நின்னுடுச்சிங்க டாக்டரம்மா. அது ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா குலைக்க மாட்டேங்குது,” என்றாள் செல்வி.

பிரபு தொண்டையைப் பார்க்க டார்ச்சை எடுத்தார். நான் அவளை மேலே பேசவிட்டேன். முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அபிக்கு வலிப்பு வந்திருக்கிறது. நிலைப்படியில் நெற்றி மோதி விழுந்திருக்கிறாள். டைகர் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது.

“பக்கத்துல படுத்துக்கினு அவளையே பாத்துக்கினு இருந்துச்சிங்க. வாயத் தொறக்கல. நான் தண்ணி குடிக்க வந்தப்பதான் பாத்தேன். எவ்ளோ நேரம் அப்படிக் கெடந்தாளோ தெரில. இத நம்பித்தானங்க நான் கயனில நிக்கிறேன். இது இப்படி இருந்தா நான் எப்படிப் போவேன்?”

அவளுக்குக் கண் கலங்கவில்லை. கோபமாகத்தான் சொன்னாள், நாயின் மேல் கோபம். தன்னைக் கைவிட்டுவிட்டது என்ற கோபம். அபி மட்டும் டைகரின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் தொண்டையைப் பார்க்கவில்லை. எங்கள் கிளினிக் வாசலில் ஒரு திருட்டுப் பூனை உண்டு, மருந்து வாங்க வருகிறவர்களின் டிபன் டப்பாவைக்கூட விடாது. அதைத் தூக்கி வரச் சொன்னேன். பிரபு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பூனை கதவருகில் வந்ததும் டைகர் தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது. வாயைத் திறந்தது. வயிறு இறுகியது. அந்த இறுக்கம் வந்ததும் ஒரு நடுக்கம், உடனே வாயை மூடிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டது.

பார்த்தீர்களா? குலைக்க மனமில்லாமல் இல்லை, முடியவில்லை. குலைப்பதென்றால் வயிற்றை எக்க வேண்டும். வயிற்றில் அவ்வளவு வலி இருக்கிற நாய் தும்மலைக்கூட அடக்கிக்கொள்ளும். பிரபு தொண்டைக் கோளாறு என்று நினைத்தது வயிற்று நோயின் முழு அறிகுறி. வாந்தியை நாம் ஊசி போட்டு மறைத்துவிட்டோம், இதை மறைக்க ஊசி எதுவும் போடாததால் நாய் பிழைத்தது.

ஆனால் அறிகுறி தெரிந்தால் மட்டும் போதாதே. கையை வைத்தால் வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. அது தளரும்வரை கையை எடுக்காமல் காத்திருந்தேன். நடுவில் எங்கோ ஒரு கெட்டியான உருண்டை விரலில் பட்டு நழுவியது. பட்டதா, பட்டதாக நான் நினைத்துக்கொண்டேனா? எக்ஸ்ரேயில் குடலில் காற்று நிறைந்திருப்பது தெரிந்தது, வேறெதுவும் தெளிவில்லை. மாங்கொட்டை எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரியாது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்பது ஒரு வழி. இன்னும் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்கலாம் என்பது பிரபு சொன்ன வழி. நீவியதில் வயிறு ரணமாகியிருக்கலாம், அந்த வலிதான், கொட்டைதான் வந்துவிட்டதே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வார்த்தையை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். வந்துவிட்டது என்பது ஒரு கொட்டைக்குத்தான் பொருந்தும்.

செல்வியிடம் உடல்நிலையைப் பற்றி எதுவும் கேட்காமல், கூழ் ஊற்றின அன்று டைகர் எங்கே இருந்தது என்று கேட்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை பந்தி நடந்த தெருவிலேயே கிடந்தது, வீட்டுக்கே வரவில்லை என்றாள். எனக்கு அது போதும். ஈறு வெளுத்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது, நாடி வேகமாக ஓடியது. புதுச்சேரிக்குப் போய் வரிசையில் உட்காரும் நேரம் அந்த நாய்க்கு இல்லை என்று எனக்குப் பட்டது. வயிற்றைத் திறந்துவிடலாம் என்று சொன்னேன்.

செல்வி காகிதத்தைப் பிரித்துக் கொட்டையை எனக்கு நேராக நீட்டினாள். “இதான் வந்துடுச்சேங்க. அறுத்துப் பாத்து உள்ள ஒண்ணுமே இல்லன்னா என்னா பண்ணுவீங்க?”

உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். வரும்போது சுற்றி வளைக்காதீர்கள். “ஒண்ணும் இல்லன்னா தச்சிட்டு வந்து உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், நீ என்னத் திட்டலாம். உள்ள இருந்து நான் அறுக்காம விட்டேன்னா, நீ திட்டறதுக்கும் அது உயிரோட இருக்காதும்மா,” என்றேன். மேசையில் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு என்பதையும் அபியின் எதிரிலேயே சொன்னேன். பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தைகளிடம் மழுப்புவது எனக்குப் பிடிக்காது. அவளே அம்மாவின் கையிலிருந்த கொட்டையை வாங்கி மடித்து, “செய்ங்க டாக்டர்,” என்றாள்.

மயக்கம் கொடுத்துத் திறந்த சிறிது நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். சிறுகுடலின் நடுவில், குடலை அடைத்துக்கொண்டு, இன்னொரு பாதிக் கொட்டை. அந்த இடம் கன்றிப்போயிருந்தது, ஆனால் சாகவில்லை. எடுத்தேன். குடலைத் தைத்தேன். உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா, அந்த நேரத்துச் சந்தோஷம் மாதிரி ஆபத்தானது வேறில்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று. எக்ஸ்ரே சொல்லாததை என் விரல் சொல்லியிருக்கிறது. வெளியே போய்ச் செல்வியிடம் அந்தக் கொட்டையைக் காட்டப்போகிற காட்சி வரை மனதில் ஓடிவிட்டது. முகமூடிக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், நாடி எறங்குது. ஜல்தியா மூடிடலாம்,” என்றார் பிரபு.

கை தையல் நூலுக்குப் போயிற்று. நூலுக்குப் பக்கத்தில், தட்டில், நான் எடுத்த கொட்டை கிடந்தது. அதைப் பார்த்ததும் வளவனூர்க்காரர் ஞாபகம் வந்தது. அவரும் ஒன்றை எடுத்தார், போதும் என்று நினைத்தார். செல்வி ஒன்றைப் பார்த்தாள், நிம்மதியானாள். பிரபுவிடமும் அந்த ஒன்றைத்தான் காட்டினார்கள். இப்போது நானும் ஒன்றை எடுத்துவிட்டு மூடப்போகிறேன். படிப்பு, அனுபவம், கத்தி எல்லாம் இருந்தும் அவர் நின்ற அதே இடத்தில்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் முழுக்கப் பந்தித் தெருவில் கிடந்த நாய் இரண்டோடு திருப்திப்பட்டிருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

மூடவில்லை. குடலைக் கடைசிவரை விரலில் ஓட்டிப் பார்த்தேன், பூக்காரம்மா சரத்தை முழம் போடுகிற மாதிரி, ஒரு இடம்கூட விடாமல். கீழே எதுவும் இல்லை. மேலே ஏறி இரைப்பைக்கு வந்தேன். அது விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து எந்தக் கைக்கும் எட்டாது. உள்ளே கை விட்டுப் பிடித்தால், குடலுக்குப் போகும் வாசல் பக்கமாக ஒன்று உருண்டது. மூன்றாவது.

இப்போதுதான் உண்மையான சோதனை. அதை எடுக்க இரைப்பையைத் திறக்க வேண்டும், இன்னும் நேரம் ஆகும். பிரபுவின் குரல் மாறியிருந்தது. ஈறு சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது என்றார். எடுத்தால் மேசையிலேயே போகலாம். விட்டுவிட்டு மூடினால், அது நகர்ந்து போய் நான் இப்போது தைத்த இடத்திலேயே அடைக்கலாம். இரண்டு பக்கமும் பள்ளம்.

நான் எடுக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கையை நிறுத்தினேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை வயிற்றின்மேல் போட்டு மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மயக்கத்தைக் குறைக்கச் சொன்னேன், குளுக்கோஸை வேகமாக விடச் சொன்னேன், சுற்றிலும் வெந்நீர் பாட்டில்களை வைக்கச் சொன்னேன். நாடி ஏறினால் எடுப்பேன், ஏறாவிட்டால் மூடிவிட்டு, பிழைத்தால் பிறகு பார்ப்போம். இதைப் பிரபுவிடம் சத்தமாகவே சொன்னேன். அவசரத்தில் தலைமை தாங்குகிறவர் மனதுக்குள் யோசிக்கக் கூடாது, வாய்விட்டு யோசிக்க வேண்டும். கூட நிற்பவருக்கு அதில்தான் தைரியம் வரும். அவர் பதறுவதை நிறுத்திவிட்டு நாடியை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இப்போது புரியாது. எனக்கோ பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால்கூடப் பொறுக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் அபி அம்மாவிடம் என்னவோ கேட்பதும், அவள் தெரியலடி என்பதும் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு இங்கேயே வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒரு பயம். மேசையில் செத்துப்போகலாம் என்று அவள் எதிரிலேயே நான் சொன்னது இன்னொரு பக்கம். கையை நகர்த்தாமல் நின்றேன்.

“ஏறுது மேடம்,” என்றார் பிரபு. கொஞ்சம் பொறுத்து, “நல்லா ஏறுது.”

இரைப்பையைத் திறந்து மூன்றாவதை எடுத்தேன். தைத்தேன். பிறகு, பிரபு முகத்தைச் சுளித்தாலும், இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றை மூடினேன். இதில் வித்தை ஒன்றும் இல்லை. தேடியது கிடைத்துவிட்டால் நம் மூளை வீட்டுக்குக் கிளம்பிவிடும். அதைக் காலரைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் ஒரு கிருமி தெரிந்ததும் மலத்தைப் பார்க்காமல் விடுகிறவர்களையும், குடற்புழு கிடைத்ததும் கல்லீரலை மறந்துபோகிறவர்களையும் நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒன்று கிடைத்தது என்பது இன்னொன்று இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

வெளியே வந்து இரண்டு கொட்டையையும் காட்டினேன். செல்வி தன் காகிதத்தைத் திறந்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொக்கம் எடுத்தவரைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுத்த முறை அவரிடம் போனால் எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னேன். எங்களிடம் வந்தாலும் அதையே கேட்கச் சொன்னேன்.

டைகர் தேறியது. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. வீட்டுக்குப் போனது. தையல் பிரிக்க வந்தபோது மேசையிலிருந்து தானாகவே குதித்தது. நான் பெருமையோடு முதுகைத் தட்டினேன். ஆனால் செல்வியின் முகம் தெளியவில்லை.

“இன்னும் குலைக்கலைங்க,” என்றாள்.

வலி இல்லை. தொண்டையை இப்போது நானே பார்த்தேன், மயக்கத்துக்கு வைத்த குழாயின் புண்ணும் ஆறியிருந்தது. திருட்டுப் பூனையைக் கொண்டுவந்தோம். டைகர் அதைப் பார்த்து உறுமியது, குலைக்கவில்லை. ஏன் என்று செல்வி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். நோய் போன பிறகும் வலிக்குமோ என்ற பயம் கொஞ்ச நாள் உடம்பில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, ஆனால் அன்று வருத்தம் இருந்தது. நாயை உயிரோடு கொடுத்துவிட்டேன். அவளுக்கு வேண்டியதை என்னால் கொடுக்க முடியவில்லை. மல்லாட்டையில் களை மண்டிக்கிடக்கிறது என்றாள். அவளோ பெண்ணைவிட்டு நகர முடியாமல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் திண்டிவனத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. டைகர் எப்படி இருக்கிறது என்று கேட்கச் செல்விக்குப் போன் போட்டேன். கழனியிலிருந்துதான் பேசினாள். வேறு வழியில்லை, பக்கத்து வீட்டு அக்காவை அபியோடு இருக்கச் சொல்லிவிட்டுக் களை எடுக்க வந்துவிட்டேன் என்றாள். நாய் நன்றாகத் தின்கிறது, தையல் போட்ட இடத்தில் முடி முளைத்துவிட்டது, அபி பின்னாடியே சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த அக்கா இப்போதுதான் கடைவரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள், நானும் இந்த வரிசையை முடித்துவிட்டு...

அதோடு அவள் பேச்சு நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்து இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன். தூரத்தில், காற்றில் வந்து போகிற மாதிரி, ஒரு நாய் இழுத்து இழுத்துக் கத்துவது கேட்டது.

“டாக்டரம்மா,” என்றாள் செல்வி. “டைகருங்க. பாப்பாவுக்கு வந்துடுச்சி.”

போனை அணைக்காமலேயே ஓட ஆரம்பித்துவிட்டாள். செடிகள் காலில் உரசுவதும் அவள் மூச்சு இரைப்பதும் கேட்டது. குலைப்புச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்து நின்றார், கையைக் காட்டி அவரை நிறுத்திவைத்தேன். போன் எதன்மேலோ விழுந்தது. ஒண்ணுமில்லடி, அம்மா இங்கதான் இருக்கேன் என்று செல்வி பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். டைகர் நிறுத்தவில்லை. வயிற்றை எக்கி எக்கி, அவ்வளவு நாள் விட்டுவைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. கடைசியில் செல்விதான் அதை அதட்டினாள்.

“போதும்டா டைகரு. நான் வந்துட்டேன்.”